வளையத்தை எடுத்த பிறகு

முதல் தடவை என் வயிற்றுக்குள் வைத்தது ஒரு வளையம். இரைப்பையின் மேல்பாகத்தை இறுக்கிப் பிடிக்கிற வளையம். அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். எனக்கு முப்பத்து மூன்று வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். அந்த வருடம் லீவில் வந்திருந்தபோது ஒரு கல்யாணத்துக்கு மகளை மட்டும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, "நீ பஸ்ஸில வா. ஏறினா டயர் தாங்காது" என்று சொன்னார். மகளுக்கு ஐந்து வயது. அப்பா சிரித்ததால் அவளும் சிரித்தாள். நான் பஸ்ஸிலும் போகவில்லை. அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்த்தேன்.

முதல் வருடத்தில் இருபத்தாறு கிலோ இறங்கியது. அத்தோடு நின்றது. வளையம் சோற்றையும் மீனையும் மறித்தது. இரண்டு வாய் கூடினால் நெஞ்சில் வந்து அடைத்துக்கொள்ளும். வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிப்போய் வாந்தியெடுப்பேன். ஆனால் பாயசம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஐஸ்கிரீம் இறங்கியது. ஏத்தங்காய் சிப்ஸை வாயிலேயே ஊறவைத்துக் கூழாக்கினால் அதுவும் இறங்கியது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். விடைத்தாள் திருத்தும்போது ஒரு கை சிவப்பு மையில், ஒரு கை மேஜை டிராயருக்குள். மூன்றாம் வருடம் நூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றேன்.

கணவரின் அக்காவை மைனி என்று கூப்பிடுவேன். அடுத்த வீடு. கணவனை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நாக்கில் எப்போதும் பிளேடு இருக்கும். வடசேரியில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் மூன்றாவது தடவை வந்தபோது ஊற்றச் சொல்லித் தலையாட்டினேன். எதிர் வரிசையிலிருந்து மைனி, விளம்புகிறவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"அவளுக்கு ஊத்தாதீங்கோ. வயித்தில வளையம் கெடக்கு. சோறு எறங்காது, பாயசம்னா ஆறு மாதிரி போவும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. விளம்புகிறவர் வாளியோடு நின்று என்னையும் மைனியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊத்துங்க" என்றேன். பப்படத்தை நொறுக்கிப் போட்டு, வழித்துக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தேன். அப்போது எனக்கு அது வீரம் என்று தோன்றியது.

ஐந்தாம் வருடம் வளையம் நழுவிவிட்டது. ஒரு மடக்கு வெள்ளம் குடித்தாலும் வெளியே வந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, வளையத்தை எடுத்தே ஆகவேண்டும் என்றார். எடுத்துவிட்டு அப்படியே விட்டால் பழைய எடையும் அதற்கு மேலும் ஏறும். இரைப்பையைச் சின்னதாக வெட்டி, குடலை மாற்றித் தைக்கவேண்டும் என்றார். முதல் ஆபரேஷனைவிட இது கஷ்டம், உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடக்கும் என்றும் சொன்னார்.

"முதல்ல செஞ்சதில ஏதாவது தப்பா டாக்டர்?"

"ஆபரேஷனில தப்பில்ல. வளையம் வயித்தத்தான் கெட்டிப்போடும். ஆளக் கெட்டிப்போடாது."

கூட இருந்த நர்ஸ் குனிந்துகொண்டாள்.

கணவரிடம் போனில் சொன்னேன். "இன்னொண்ணா? ஆளுவகிட்ட எத்தன தடவ சொல்லது? இந்தத் தடவையாவது செரியா செய்யச் சொல்லு" என்றார். லீவு கிடைக்காது என்றார்.

ஆஸ்பத்திரியில் கூட வந்து இருந்தது மைனி. நான் கூப்பிடவில்லை, பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். நாலாம் நாள் காய்ச்சல் ஏறியது. தைத்த இடத்தில் கசிவு. மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். பக்கவாட்டில் குத்தியிருந்த குழாயில் பச்சையாக ஏதோ வடிந்துகொண்டிருந்தது. பார்வை நேரத்தில் மைனி உள்ளே வந்து என் காதருகே குனிந்தார்.

"செத்துப் போயிராத, கேட்டியா? ஒன்னத் தூக்க எட்டுபேரு வேணும். நான் எங்க போய் ஆளு பிடிக்க?"

சிரிக்க முயன்றேன். தையல் அறுந்துவிடுவதுபோல் வலித்தது.

ஒன்றரை வருடத்தில் அறுபத்து நாலு கிலோவுக்கு வந்தேன். அரை இட்லி, இரண்டு கரண்டி கஞ்சி. இனிப்பு ஒரு வாய் போனால் வேர்த்து நடுங்கி, படுத்துவிடவேண்டும். தலைமுடி கொத்துக்கொத்தாகப் போனது. கையிலும் வயிற்றிலும் தோல் ஈரத்துணிபோலத் தொங்கியது. கணவர் லீவில் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டார். நான் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். இரண்டு நாள் கழித்து, நான் பள்ளிக்குப் போகச் சேலை உடுத்துக்கொண்டிருந்தபோது கதவருகே நின்று பார்த்தார்.

"பழையபடி இருந்திருந்தாலே கொள்ளாம்" என்றார். திட்டவில்லை; பழைய உடம்பே நன்றாக இருந்தது என்று நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னார்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு மற்றவர்கள் செய்தது. இனிச் சொல்லப்போவது நான் செய்தது.

மகளுக்குப் பதினோரு வயது ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு கிலோ. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எடை பார்க்கும் மெஷின் வாங்கி ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சுக்குப் புறப்படும் முன் அவளை அதில் ஏற்றினேன். அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து தோசையை எண்ணினேன். அவள் மென்று விழுங்குவதைத் தொண்டை வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை அவளுடைய வகுப்புக் கூட்டுக்காரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூவருக்கும் தோசை சுட்டேன். மூன்றாவது தோசைக்கு மகள் தட்டை நீட்டினாள்.

"ஏட்டி, நீயும் என்னமாதிரி மூணு தடவ வயித்தக் கீறணுமா?"

கூட்டுக்காரிகள் தட்டைப் பார்த்தார்கள். மகள் அழவில்லை.

"உங்களால திங்க முடியல்ல. அதனால எனக்க தோசைய எண்ணுதீங்க" என்றாள்.

அறைந்தேன். தட்டு விழுந்து சட்னி சுவரில் தெறித்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் கை கழுவாமலே போய்விட்டார்கள்.

சத்தம் கேட்டு மைனி வந்தார். கீழே கிடந்த தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்தார்.

"நீங்க என்னச் சொல்லாததா மைனி?" என்றேன்.

"சொன்னேன். நீ வளந்த பொம்பள, திருப்பிச் சொல்லியிருக்கலாம். இது பிள்ளையாக்கும்."

அன்றிலிருந்து மகள் மைனி வீட்டில்தான் சாப்பிட்டாள். படுக்க மட்டும் வருவாள். போய்க் கூப்பிடவேண்டும் என்று பலநாள் நினைத்தேன். போகவில்லை. என் சமையலறையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாதது உண்மையில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிளஸ் டூ முடித்து அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். அனுப்புகிற போட்டோக்களில் முகம் மட்டும் இருக்கும். முதல் லீவுக்கு வந்தபோது அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனேன். கூட்டத்துக்குள் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறேன். என் கண் முதலில் அவள் இடுப்புக்குப் போனது. பிறகு கைகளுக்கு, தாடைக்கு. முகத்துக்கு வந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுபத்தொண்ணு. போலாமா?" என்றாள்.

ஆட்டோவில் ஏறியதும் மைனிக்குப் போன் போட்டு, மத்தியானத்துக்கு என்ன கறி என்று கேட்டாள்.