குடிக்காத தள்ளாட்டம்

பிசியோதெரபி படித்துவிட்டு வந்து கிளினிக் போட்டால், ஊரில் நமக்குக் கிடைக்கிற பட்டம் 'கால் அமுக்கிவிடுற டாக்டர்'. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது என்னைப் போன்ற ஒருத்தியிடம் "ஒரே நாள்ல சரியாயிடுமா?" என்று கேட்டிருப்பீர்கள். காரைக்காலில் என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு அந்தக் கேள்விக்கே வழியில்லாமல் போனது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்.

வாசனை வராத சரக்கு

பக்கத்துக் கிராமமான பூவத்திலிருந்து செல்வராஜ் முழங்காலில் கட்டோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வக உதவியாளர். மிச்ச நேரத்தில் நெல் விவசாயம். வரப்பில் விழுந்துவிட்டாராம். இப்போதெல்லாம் அடிக்கடி விழுகிறாராம்.

நடக்கச் சொன்னேன். ஆடுகிற படகில் நிற்பவர் மாதிரி கால்களை அகட்டி வைத்து நடந்தார். குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் விரலைத் தொடச் சொன்னால், அவர் கை தாண்டிப் போய் என் மூக்குக் கண்ணாடியைத் தட்டியது. பேச்சும் கொஞ்சம் குழறியது. எங்கள் ஊரில் ஒருவர் இப்படி நடந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். இங்கே சரக்கு மலிவு; அதற்காகவே பக்கத்து மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். "ஊதிக் காட்டுறேன் மேடம், சத்தியமா தொட்டதில்ல" என்றார். அவர் மனைவி கலைச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "வாசன வராத சரக்கும் வந்துடுச்சு போலருக்கு மேடம்."

அப்பாவும் இப்படித்தான்

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டேன். "அப்பா இப்படித்தான் நடப்பாரு. ஆனா அவரு குடிச்சாரு" என்றார் செல்வராஜ். அடுத்த முறை அம்மாவையும் கூட்டி வரச் சொன்னேன்.

மகன் நடப்பதை அந்த அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்தார். மகன் சுவரோரம் திரும்பிய விதத்தில் ஏதோ பட்டிருக்க வேண்டும்; சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கணவரும் இதே வயதில்தான் தடுமாறத் தொடங்கினாராம். பிறகு சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதே பெரும்பாடாகி, படுத்த படுக்கையாகப் போய்ச் சேர்ந்தாராம். குடிக்கவில்லை என்று அவர் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லையாம். "நானும் நம்பலங்க. சாவுற வரைக்கும் அவரு வாய மோந்து மோந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

படியில் உட்கார்ந்தவர்

இதற்குப் பெயர் வைப்பது என் வேலை இல்லை. புதுச்சேரியில் நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். ஸ்கேன், அப்புறம் மரபணுப் பரிசோதனை. பரம்பரையாக வருகிற சிறுமூளைத் தேய்மானம் என்று முடிவு வந்தது. நடையை, பேச்சை, கையின் பிடியை மெல்ல மெல்லப் பறித்துக்கொள்ளும். குணமாக்க மருந்து கிடையாது. பயிற்சி செய்தால் விழுவதைக் குறைக்கலாம். இன்னும் கொஞ்ச காலம் தானே நடக்கலாம்.

என் கிளினிக்கில் இதை விளக்கியதும் செல்வராஜ் "அப்பா குடிக்கலையா?" என்று மட்டும் கேட்டார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கலைச்செல்வி எழுந்துபோய் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "குடியா இருந்தா சண்ட போட்டு நிறுத்தப் பாக்கலாம் மேடம். இதுக்கு நான் யாருகிட்ட போயி சண்ட போடுறது?"

மாப்பிள்ளை வந்த காரியம்

செல்வராஜின் தங்கை வாசுகி திருமலைராயன்பட்டினத்தில் டீச்சர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று கேட்டதிலிருந்து, வகுப்பில் சாக்பீஸ் கை நழுவினாலும் அவருக்கு உயிர் போய் வந்தது. என் கிளினிக்கில் கோடு போட்ட மாதிரி நேராக நடந்தார். "இன்னக்கி நேரா நடக்குறேன். நாளைக்கு?" என்றார். பரிசோதனை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முடிவு, எதற்கும் முதலில் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். வாசுகி அதற்கு முன்பே மாப்பிள்ளை பாலமுருகனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

பாலமுருகன் ஒரு சனிக்கிழமை தனியாக வந்தார். கல்யாணத்தை நிறுத்தக் காரணம் கேட்டு வந்திருக்கிறார் என்றே நினைத்து, என்ன சொல்வது என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே கேட்டார்: "டெஸ்ட் எடுக்குறது அவங்க இஷ்டம் மேடம். விழப்போறவங்கள எப்படித் தாங்கிப் பிடிக்கிறதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க."

கடற்கரைச் சாலையில்

வாசுகியின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பரிசோதனையை இன்னும் எடுக்கவில்லை, நானும் கேட்பதில்லை. செல்வராஜ் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். கூட்டத்திலும் நடந்து பழகட்டும் என்று ஒரு நாள் சாயங்காலம் கடற்கரைச் சாலைக்கு வரச் சொல்லியிருந்தேன். கலைச்செல்வி அவர் கையைக் கோத்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த ஒருவர் செல்வராஜின் தள்ளாட்டத்தைப் பார்த்து, "அதுக்குள்ள ஏத்தியாச்சா?" என்று சிரித்தார். செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார். கலைச்செல்வி குனியவில்லை: "ஆமாங்க, நான்தான் ஊத்திக் குடுத்தேன். கொஞ்சம் தள்ளிப் போங்க, நாங்க ரெண்டு பேரும் சேந்து நடக்கணும்."

இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்டது இதுதான்: நோயின் முதல் அறிகுறியை டாக்டருக்கும் எனக்கும் முன்னாலேயே வீட்டில் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், அதற்கு வைக்கிற பெயரில்தான் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.