காலி டப்பா தராத அப்பா

2009-ஆம் வருடம், மழைக்காலம் தொடங்கும் சமயம். அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா தனியாக இருந்தார். நான் சிதம்பரத்தில் என் கணவரோடு சேர்ந்து ஜெராக்ஸ் கடை நடத்திக்கொண்டிருந்தேன். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சொந்தக் கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், நினைத்த நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்ப முடியாது என்று.

அப்பா நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. "ஆலையில சம்பளத்த மட்டுமா குடுத்தாங்க?" என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார். அம்மா இருந்தவரை அது அடங்கிக் கிடந்தது. அம்மா போனதும் அப்பாவுக்கு ஓட்டல்தான் கதி என்றாகிவிட்டது. காலையில் பூரி, இரவில் புரோட்டா. அடுப்பு பற்ற வைக்கத் தெரியும், வெந்நீர் போடத் தெரியும், அதோடு சரி.

என்னோடு வந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. நான் ஒரே பெண். ஆனால் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குத் தொண்டையில் இறங்காது. வந்தால் மறுநாள் காலையிலேயே குளித்து முடித்து, பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். என் கணவர் எவ்வளவு சொன்னாலும், "வீடு பூட்டியே கெடக்குது மாப்ள" என்று கிளம்பிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் செருப்பு கடித்து, அப்பாவின் வலது கால் கட்டைவிரலில் புண் வந்தது. சாதாரணச் செருப்புக்கடி என்று அவர் பாட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது விரல் கருத்துப்போயிருந்தது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும், அப்படியும் விரலோடு நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்து சேரும்போது அப்பா என்னைக் கேட்டார்.

"வெரல எடுத்துட்டா செருப்பு கால்ல நிக்குமாம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு, "புரோட்டா தின்னும்போது அத யோசிச்சிருக்கணும்" என்று கத்தினேன். என் சுபாவமே அப்படி.

கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் மூலமாகத்தான் அந்த அக்காவைப் பற்றித் தெரிந்தது. சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பியவர். மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டிலேயே, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு என்று சமைத்தார். சாமைச் சோறு, கூட்டு, கீரை, சுண்டல் என்று வேளைக்கு ஒரு டப்பா. சமைத்ததும் ஆறவைத்து, ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே பெரிய பெட்டி, அந்த மாதிரி ஒன்றில் உறையவைத்துவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் அவருடைய கணவர் டிவிஎஸ் வண்டியில் தெர்மாகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து கொடுப்பார். நாம் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது இட்லிப் பானையில் வைத்துச் சூடுபண்ணிச் சாப்பிடவேண்டும். காலி டப்பாக்களை அடுத்த முறை கழுவித் திருப்பித் தரவேண்டும். மாதச் சந்தா.

என் கணவர் சிரித்தார். தினமும் கரண்ட் போகிற ஊரில் உறைந்த சாப்பாடா என்றார். அப்பா அதற்கும் மேலே போனார். "ஐஸ் சோறா? என்னை என்ன மீன்னு நெனச்சியா?" என்றார். நான் விடவில்லை. என் பேச்சுக்காக இல்லாவிட்டாலும் விரலுக்காக ஒத்துக்கொண்டார்.

முதல் மாதம் தவறாமல் டப்பா போய் வந்தது. தினமும் போன் செய்து கேட்பேன். சாப்பிட்டேன் என்பார். நல்லாயிருக்கா என்றால், "ஏதோ இருக்குது" என்பார். நிம்மதியாக இருந்தேன். மாதக் கடைசியில் பரிசோதித்தால், சர்க்கரை கொஞ்சமும் இறங்கவில்லை. புண்ணும் அப்படியே இருந்தது. டாக்டர் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அக்கா சமையலில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்று நினைத்து, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று போனை எடுத்தேன். நான் ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் பேசிவிட்டார்.

"நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன் தங்கச்சி. தப்பா நெனச்சிக்காதீங்க. அப்பா வீட்டுல ஸ்வீட்டு ஜாஸ்தி இருக்குதா?"

எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா ஒரு முறைகூட டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரவில்லையாம். முதல் தடவை கொல்லையிலிருந்து நாலு முருங்கைக்காயை உடைத்துப் போட்டிருக்கிறார். அடுத்தது எலுமிச்சம்பழம். பிறகு மிக்சர். அதற்கப்புறம் லட்டு, மைசூர்பாகு, சோன்பப்டி. சர்க்கரை நோயாளிகளுக்குச் சமைக்கிறவர் வீட்டுக்குச் சர்க்கரை நோயாளி வீட்டிலிருந்து இனிப்பு போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாளே கடலூருக்குப் போனேன். சமையலறை அலமாரியைத் திறந்தால், ரப்பர் பேண்டு போட்ட பாதிப் பாதிப் பொட்டலங்கள். எதிரில் அப்பாவை நிறுத்திவைத்து விசாரணை நடத்தினேன்.

"அடுத்தவங்க சோறு போட்டுக் குடுத்த டப்பாவ வெறுமனே குடுக்கச் சொல்றியா? உங்கம்மா ஒரு நாளாவது அப்படிக் குடுத்திருப்பாளா?"

அம்மா கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கிண்ணத்தைத் திருப்பித் தருவார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இது சந்தா கட்டி வாங்கும் சாப்பாடு, இதற்கெல்லாம் பதில் செய்யவேண்டியதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அது அவர் காதில் ஏறவே இல்லை.

"சரி, அவுங்களுக்குக் குடுத்தீங்க. மீதிய யாரு தின்னது?"

"காசு குடுத்து வாங்குனத குப்பையிலயா கொட்டுவாங்க?" என்றார், வெகு நியாயமான குரலில்.

அந்தப் பொட்டலங்களையெல்லாம் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சிதம்பரம் வரும்வரை மனம் ஆறவில்லை. ஒரு மனிதர் மரியாதைக்காகக் காலையே கொடுத்துவிடுவாரா? அக்காவுக்குப் போன் செய்தேன். இனிமேல் தூக்கிப் போடுகிற டப்பாவில் கொடுத்துவிடுங்கள், திருப்பி வாங்கவே வேண்டாம், அப்பா எதைக் கொடுத்தாலும் உங்கள் வீட்டுக்காரர் கண்டிப்பாக மறுத்துவிடட்டும் என்றேன்.

"அப்படி வேணாம் தங்கச்சி. நானே ஒருவாட்டி நேர்ல போயி பாத்துட்டு வரேன்" என்றார்.

போய் என்ன பேசினார் என்பதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக அப்பாவே போன் செய்தார். குரலில் ஒரு தோரணை இருந்தது. "அந்தப் பொண்ணு வந்திருந்துது. நம்ம முருங்கை மரத்துக் கீரைய பாத்துட்டு அசந்துபோச்சு. அவுங்களுக்குக் கீரை ஆயறதுக்கு ஆள் இல்லியாம். டப்பாவ சும்மா குடுக்காதீங்க அப்பா, கீரைய ஆஞ்சி ரொப்பிக் குடுங்கன்னு கேட்டுச்சு. சரின்னு சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அப்பாவுக்கு நேரம் போதவில்லை. காலையில் முருங்கைக்கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்தால் மதியம் ஆகிவிடும். எங்கள் மரம் மொட்டையானதும் தெருவில் நாலு வீட்டில் கேட்டு வாங்கினார். ஓட்டல் பக்கம் போகவே நேரமில்லை. அதைவிட முக்கியம், டப்பாச் சோற்றைப் பற்றி அவர் பேசிய பேச்சே மாறிவிட்டது. "இன்னிக்குக் கூட்டுல நம்ம கீரைதான்" என்பார். தன் கீரை வேறு யார் யார் வீட்டுக்குப் போகிறது என்று டப்பா கொண்டுவரும் அக்காவின் கணவரிடம் விசாரித்து வைத்துக்கொண்டார். கூத்தப்பாக்கத்தில் ஒரு டீச்சரம்மாவுக்கு ரத்த அழுத்தமாம். "அந்தம்மா மிச்சம் வைக்காம சாப்ட்டாங்களா?" என்று முகம் பார்க்காத ஒருவரைப் பற்றி அக்கறையாகக் கேட்பார். அலமாரியை நான் போகும்போதெல்லாம் திறந்து பார்த்தேன். ஒரு பொட்டலமும் இல்லை.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. விரலை எடுக்கும் பேச்சை டாக்டர் தள்ளிவைத்தார். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் புண் காய்ந்து தோல் மூடிவிட்டது. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா எனக்கு முன்னால் நடந்தார். பின்னால் நடந்த நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன்.

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அந்த அக்காவுக்கு நன்றி சொல்லப் போனேன். அதுவரை நேரில் பார்த்ததில்லை. கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பேப்பரில் கீரை பரப்பியிருந்தது. பக்கத்தில் அப்பாவுக்குக் கொடுக்கிற அதே டப்பாக்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா, இது அப்பா ஆஞ்சி குடுத்ததுதானே?" என்றேன்.

அவர் முகத்தில் திருடி மாட்டிக்கொண்டதுபோல ஒரு சங்கடம். "அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல் இல்லையா, தங்கச்சி. காம்பெல்லாம் நின்னுடுது. போன வாரம் ஒரு கம்பளிப்பூச்சியே இருந்துச்சு. அதான் இன்னொருவாட்டி பாத்துக்குறேன்."

"இதுக்கு முன்னாடி யாரு ஆஞ்சா?"

"மார்க்கெட்டுல கீரைக்காரம்மா ஆஞ்சே குடுத்துடுவாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இத்தனை நாளாக அவருக்கு ஆள் இல்லாமல் இல்லை. அப்பா அனுப்பிய ஒவ்வொரு டப்பாவும் அவருக்கு ஒரு வேலையைக் குறைக்கவில்லை, ஒரு வேலையைக் கூட்டியிருக்கிறது. அடுப்பில் அத்தனை பேருக்கும் உலை கொதிக்கிற வீட்டில், உட்கார்ந்து ஒவ்வொரு இணுக்காகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏன்க்கா இவ்ளோ கஷ்டப்படுறீங்க? வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"மொதல்ல எங்க வீட்டுக்காரரு போனா அப்பா வெளியவே வர மாட்டாராம். கதவ பாதி தொறந்து டப்பாவ வாங்கிட்டுச் சாத்திக்குவாராம். இப்ப வண்டிச் சத்தம் கேட்டதும் வாசல்ல வந்து நிக்கிறாராம்." அவர் கையில் இருந்த காம்பைக் கிள்ளித் தனியே போட்டார். "அவரு சாப்புடுறாரில்ல தங்கச்சி. எனக்கு அது போதும்."

நானும் அவர் எதிரில் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தேன். திரும்பிப் போனதும் அப்பா, "பாத்தியா, நம்ம கீரை இல்லன்னா அவுங்களுக்கு ஓடாது" என்றார். ஆமாம்ப்பா என்றேன். கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அப்பா இப்போது இல்லை. போகிறவரைக்கும் பத்து விரலோடு நடந்துதான் வாழ்ந்தார். அவர் என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், எதையும் தொடாதீங்க, சும்மா உட்காருங்க என்று சொன்னதைத்தான் பாசம் என்று நினைத்திருந்தேன். கொடுத்துக்கொண்டே இருந்தேனே தவிர, அவர் கையிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத அந்த அக்கா வாங்கிக்கொண்டார். அதனால்தான் இன்றைக்கும் வயதானவர் யாராவது எனக்குத் தேவையே இல்லாத ஒன்றை ஆசையாக நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்கிறேன்.