பயப்படாமல் பேசச் சொன்னீர்களே

அமைச்சர் ஐயா, அந்த மனிதரை ஏமாற்றியது நீங்கள்தான். கண்டிப் பக்கம் வத்தேகம ஊரில் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இது உங்க அரசாங்கம், பயப்படாம குறையைச் சொல்லுங்க" என்றீர்கள். நானும் அங்கே இருந்தேன். நம்பி எழுந்தவர் அந்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர்தான்.

"நாங்க குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு மேல மலை வெடிப்பு விட்டிருக்குங்க. மழைக்கு முந்தி வேற எடம் குடுங்க."

நீங்கள் கைதட்டினீர்கள். மறுவாரமே பொலிஸ் அவர் வீட்டுக்குப் போய், தூண்டிவிட்டது யார் என்று விசாரித்தது.

பிறகு அவரைக் கண்டி பஸ்ஸில் பார்த்தேன். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. சீருடை போட்ட யாரைக் கண்டாலும் அடையாள அட்டையை நீட்டுவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. கொண்டக்டரிடமும் நீட்டினார்.

"அண்ணே, காசுதான் கேட்டேன். உங்களைப் புடிக்க வரல!"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"மலை வெடிப்பு என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"அகலமாயிருச்சு தம்பி. ஆனா நான் ஒண்ணும் சொல்லலீங்க. எம்பேர எங்கயும் எழுதிறாதீங்க."

எழுதவில்லை. மழை தொடங்கிவிட்டது, அவர் இன்னும் அந்த லயத்தில்தான் படுக்கிறார். தலைக்கு மேல் நிற்கும் மலையைவிட உங்களுக்கு அதிகம் பயப்படுகிறார். பொலிஸை அனுப்பியது யார்? அதே மேடையில் ஏறி, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.