செயின் வண்டியைப் பிடித்து வைத்த செஷன்

டேட்டாபேஸோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அது கோபித்துக்கொள்வது எப்போதும் வேலை மும்முரத்தில்தான். வேலை இல்லாத மாதங்களில் அதைப்போல ஒரு சாது கிடையாது. உங்களில் யாராவது என்னைப் போல வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கிறீர்கள் என்றால் தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள். மற்றவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டால் போதும்.

கள்ளக்குறிச்சியில் ஜாபர் பாய் நெல் அறுவடை மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர். எந்த வண்டி எங்கே ஓடுகிறது, எது காலி என்று ஊர் ஊராக இருக்கும் புரோக்கர்கள் போனிலேயே பார்த்து புக்கிங் போடுவதற்கு ஒரு அப்ளிகேஷன் வைத்திருந்தார். அதை எழுதியவர் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாயின் கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருந்த என் தலையில் அது வந்து விழுந்தது.

பாயிடம் டயர் வண்டிகள் நிறைய உண்டு. ஈர வயலில் இறங்கக்கூடிய செயின் வண்டி ஒன்றுதான். அதற்காக மணலூர்பேட்டையில் தனம் அக்கா காத்திருந்தார். ஆற்றோரத்தில் குத்தகை நிலம். நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. சாயங்காலமானால் மேற்கே மலைப்பக்கம் கோடை மேகம் கூடியது. புரோக்கர் இல்லாமல் நேராகச் சொல்லி வைத்தவர் என்பதால் பாய் அவருக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் என் போன் அடித்தால் அது அவர்தான்.

டீக்கடை கிளாஸ்

காலையில் புரோக்கர்கள் எல்லோரும் ஒன்றாக அப்ளிகேஷனைத் திறப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது அப்படியே நின்றுவிடும். காரணம் நமக்கெல்லாம் பழகியதுதான். டேட்டாபேஸிடம் பேச ஒவ்வொரு பக்கமும் ஒரு செஷனைத் திறக்கிறது. பேசி முடித்ததும் அதை மூடித் திருப்பிக் கொடுக்க வேண்டும். டீ குடித்தவர்கள் எல்லாம் காலி கிளாஸைக் கையில் பிடித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், அடுத்து வருகிறவருக்கு மாஸ்டர் எதில் ஊற்றுவார்? எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய ஒரு பக்கம்கூட கிளாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பாய் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கடைக் கம்ப்யூட்டரில்தான் அப்ளிகேஷன் ஓடியது. அதை அணைத்துத் திரும்பப் போடுவார். பழைய செஷன்கள் எல்லாம் ஒழிந்து புதிதாகத் தொடங்கும், மத்தியானத்துக்குள் மறுபடி நிற்கும். பக்கம் முடிந்தால் செஷனும் முடிகிற மாதிரி மாற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடம் விளக்கினேன். வந்த கஸ்டமரைக்கூட உட்காரவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அணைச்சிப் போட்டா ஓடுது இல்லம்மா. ஓடறத ஏன் ரிப்பேர் பண்ணிகினு?"

பாறை மேல் டிரைவர்

செயின் வண்டி அப்போது மலை மேல் கரியாலூரில் இருந்தது. மலையிலும் பள்ளப் பகுதியில் நெல் உண்டு. அடுத்து எங்கே போக வேண்டும் என்று பார்க்க டிரைவர் முருகேசன் பட்டியலைத் திறந்தால் அது வரவே வராது. அந்தப் பக்கத்தின் புரோகிராமைத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கேட்கும்போது கொண்டுவந்தால் போதும் என்கிற லேசி லோடிங்கில் எல்லாவற்றையும் விட்டிருந்தார் முன்னவர். முதலில் போய் புக்கிங் பட்டியலை மட்டும் கொண்டுவரும். பிறகு முதல் புக்கிங்குக்கு விவசாயி பெயர் கேட்கப் போகும், வரும். ஊர் கேட்கப் போகும், வரும். கடைசி புக்கிங் வரை இதே நடை. வெங்காயத்துக்கு ஒரு தடவை, உப்புக்கு ஒரு தடவை என்று கடைக்குப் போய் வரும் ஆளை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? இதில் டேட்டாபேஸ் இருந்தது மும்பையில்.

பட்டியல் தயாராவதற்குள் முருகேசனுக்கு சிக்னல் போய்விடும். இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் செஷனை முடிப்போம் என்று தள்ளிவைத்தேன். அவர் கோபிக்கவில்லை, நிலவரத்தை மட்டும் சொன்னார்: "டவர் கெடைக்கணும்னு பாறை மேல ஏறி போன தூக்கிகினு நிக்கறேங்க மேடம். அருவி பாக்க வந்தவங்க இப்ப என்னத்தான் போட்டோ எடுக்கறாங்க."

பெயரில்லாத நெல்

செஷனை உடனுக்குடன் மூடும் மாற்றத்தை ஏற்றினேன். அப்ளிகேஷன் நிற்காமல் ஓடியது. பாய் எனக்கு பிரியாணி வாங்கித் தந்தார். பிரியாணி செரிப்பதற்குள் அடுத்தது வந்தது. பக்கம் பட்டியலை வாங்கியதும் செஷன் மூடிவிடும். அதன் பிறகு திரையில் காட்டும்போதுதான் "இவர் பெயர் என்ன?" என்று கேட்கப் போகும். கதவு சாத்தியாகிவிட்டது, யாரைக் கேட்பது? பெயரும் ஊரும் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக வந்தன. இந்தக் குழியில் விழாதவர் நம் தொழிலில் உண்டா?

புரோக்கர் போட்ட வரிசைகளில் புரோக்கர் நம்பராவது இருந்தது. தனம் அக்காவின் வரிசையில் ஒன்றுமே இல்லை. பாய் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டார், வண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. பெயர், ஊர் எல்லாவற்றையும் பட்டியலோடு ஒரே நடையில் அள்ளி வருகிற மாதிரி அன்றைக்கே மாற்றினேன். அதில் முருகேசனும் பாறையை விட்டு இறங்கினார். ஆனால் அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் தெரியாமல் போனதால் இப்படி ஆகிவிட்டது, அடுத்த நடை உங்களுக்குத்தான் என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை: "பேரு தெரியலன்னா இன்னாம்மா, நெல்லு நிக்குது இல்ல?"

ஏழுமலையின் துண்டு

செயின் வண்டி காலியானது. காலையிலேயே மேற்கு கறுத்திருந்தது. பாய் தனம் அக்காவுக்கு புக்கிங் போட்டார். "இந்த வண்டி வேறொருவர் பார்வையில் உள்ளது" என்று திரை மறுத்தது. திரும்பத் திரும்ப அதேதான். தேடியதில் நான் கைவைக்காத ஒரு மூலை அகப்பட்டது. ஒரு வண்டியின் புக்கிங் பக்கத்தை யாராவது திறந்தால், அவர் மூடும்வரை அந்த வண்டிக்குப் பூட்டு. அந்த ஒரு பக்கம் மட்டும் செஷனை விடுவதே இல்லை. பூட்டியிருந்தவர் நைனார்பாளையம் புரோக்கர் ஏழுமலை. காய்ந்த நிலத்துக்கு டயர் வண்டி மட்டுமே எடுக்கிறவர்.

அவருடைய செஷனை ஒரே வரியில் என்னால் முடித்திருக்க முடியும். கேட்காமல் முடிப்பது மரியாதையா என்று போன் செய்தேன். கரும்பு லோடு ஏற்றும் இடத்தில் இருந்தார், சத்தம். அரைமணி கழித்துக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை வண்டியை வேறு யாரும் எடுக்க முடியாது என்பதை எப்போதோ கண்டுபிடித்து, இன்னொரு போனை வீட்டு அலமாரியில் சார்ஜ் போட்டு, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். செயின் வண்டி உங்களுக்கு எதற்கு என்றேன். மழை வந்தால் டயர் வண்டி இறங்காதே, எதற்கும் இருக்கட்டும் என்றார். வீட்டுக்குப் போய் மூடுகிறேன் என்று இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டார். அந்த நேரத்தையும் கொடுத்தேன். அவருக்குத் துளியும் வெட்கமில்லை: "பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டுட்டு எறங்கி டீ குடிக்கறது இல்லீங்களா மேடம்? அதான் போட்டு வெச்சேன்."

மூலை

பக்கம் மூடியது, வண்டி கிளம்பியது. பாய் தன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் போனார். அதுவரை தனம் அக்கா எனக்குத் திரையில் ஒரு வரிசை, போனில் ஒரு குரல். இப்போது இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றார். முருகேசன் சேற்றில் வண்டியை விரட்டினார். ஆற்றுப்பக்கத்து மூலை மட்டும் பாக்கி இருக்கும்போது மழை இறங்கியது. சாதாரண மழை இல்லை, கல் மாதிரி விழுந்தது. கண்முன்னே அந்த மூலை படுத்து, தண்ணீருக்குள் போய், மணி உதிர்ந்து மிதந்தது.

அறுத்த நெல்லைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அக்கா வந்தார். நடந்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழுமலை, பூட்டு, நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். "நீயே எடுத்து உட்டிருக்க முடியுமா?" என்றார். முடியும் என்றேன். ஆற்றுப்பக்கத்து மூலையைக் கை காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அப்ப நீ அவன்கிட்ட மரியாதையா பேசிகினு இருந்த நேரந்தாம்மா அந்த மூல."

இப்போது எங்கள் அப்ளிகேஷனில் வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கும் செஷனை அதுவே முதலில் முடித்துவிடும், மன்னிப்பெல்லாம் நான் பிறகு போனில் கேட்டுக்கொள்கிறேன்.