அண்ணன் உட்கார்ந்த மரத்தடி

தெரிந்திருந்தும் அண்ணன் ஏன் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தார்?

ஓர் ஆண்டாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் துணி காயப்போடும்போதும் இதுதான் ஓடுகிறது. நினைவு மலரை இப்படித் தொடங்கலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். பிறந்தது, படித்தது, நல்ல குணம் என்று எழுதினால் போதும், அதற்குத்தானே மலர் போடுகிறோம் என்றார். அவர் சொல்வதுதான் முறை. அப்படியும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் கடைசியில் அந்த மரத்தடியில்தான் வந்து நிற்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குடுமியான்மலைக்கு மேற்கே உள்ள எங்கள் சிற்றூரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். நான் அவருக்குப் பல வயது இளையவள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; "ஆத்தா" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வயல் கிணற்றில் எனக்கு நீச்சல் பழக்கியவர் அவர். அந்தக் கிணற்றில் நீச்சல் பழகிய கடைசிப் பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் நிலத்தைச் சுற்றியிருந்த பொட்டல் முழுவதும் வனத்துறையினர் தைல மரம் நட்டார்கள். மழைத் தண்ணீர் கண்மாய்க்கு ஓடாமல், மரத்துக்கே நிற்கட்டும் என்று குறுக்கே கரை போட்டார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் கண்மாய் வற்றியது, பிறகு கிணறு. ஊர்க்காரர்கள் மனு எழுதிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார்கள், பார்க்கிறோம் என்ற பதிலோடு பஸ் ஏறி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஒரு நாள் பட்டப்பகலில் போய், வெட்டிய இடத்தில் புதிதாக நட்டிருந்த ஒரு வரிசைக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டார். காவல்காரர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அப்பா போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்துவந்தார்.

அதன் பிறகுதான் அண்ணன் வேளாண்மை படிக்க ஆசைப்பட்டார். படித்தும் முடித்தார். அவர் படித்து முடித்த வருடம் அப்பா கடலை போடுவதை விட்டுவிட்டு, எங்கள் வயலிலேயே தைல மரக் கன்றுகளை நட்டார். தண்ணீர் இல்லாத மண்ணில் வேறு எதுவும் நிற்காது என்றார். அன்று வரப்பில் நடந்த பேச்சு எனக்கு இன்னும் கேட்கிறது.

"ஊரைக் குடிச்ச மரத்த நம்ம கையாலயே நடுறீங்களேப்பா."

"கடலை போட்டா நீ வந்து தண்ணி ஊத்துவியாடா?"

படித்த படிப்பில் அதற்கு விடை இருந்திருந்தால் அவர் எங்கும் போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா போவதாகச் சொன்னார். புறப்படும் நாளன்று எங்கள் தாய்மாமா எல்லார் முன்னாலும் கேட்டார்: "தைல மரத்துக்குப் பயந்து ஓடுறவன், அது பொறந்த ஊருக்கேல்ல போறான்?" அண்ணன் சிரித்துக்கொண்டே, "நேர்ல பாத்து ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாரேன் மாமா" என்றார். நாங்களும் சிரித்தோம்.

அங்கே பட்டணத்தில் படிப்பை முடித்தவர், நாட்டுப்புறத்தில் வேலை பார்த்தால் அந்த நாட்டிலேயே தங்க விசா எளிது என்று அப்படி ஒரு வேலை தேடினார். கிடைத்தது மலைமேல் ஒரு சிற்றூர். கடைத்தெரு ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் உருளைக்கிழங்கு வயல்களும் மாட்டுப் பண்ணைகளும், மறுபக்கம் காடும் மரம் அறுக்கும் ஆலையும். சாகுபடி நாட்களில் வயல் வேலை. மற்ற நாட்களில் மரம் நடுகிற, வெட்டுகிற கூட்டத்தோடு காட்டு வேலை. குளிர்காலத்தில் பனி கொட்டிக் கூரையெல்லாம் வெள்ளையாக இருக்கும் படத்தை அனுப்புவார். பார்த்தவர்கள் எல்லாரும் எவ்வளவு அழகான ஊர் என்றார்கள். அந்தக் குளிரில் கிழங்கு தரம் பிரித்து வெடித்துப்போன விரல்களை அவர் படம் எடுத்து அனுப்பவில்லை. வீடியோவில் பேசும்போது நானாகப் பார்த்துவிட்டுக் கேட்டால், கையைக் கீழே இறக்கிக்கொள்வார்.

அவருக்குப் பெண் பார்த்தோம். ஆஸ்திரேலியா என்றதும் ஆர்வமாக வந்தவர்கள், ஊரையும் வேலையையும் விசாரித்த பிறகு வரவில்லை. ஒரு வீட்டுப் பெரியம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "அங்க போயும் கெழங்குதான் தோண்டுறாரா?" நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். இதைச் சொன்னபோது அண்ணன், "உண்மையத்தானே கேட்டாங்க" என்று என்னைச் சமாதானம் செய்தார். அப்படிக் கேட்ட உறவினர்களும் இம்மலரை வாங்குவீர்கள். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுத முயன்றேன். எழுத வரவில்லை.

போன புதிதில் ஒரு நாள் அவர் பேசியது இது. "மண்ணு நம்ம மண்ணு மாதிரியே செவப்பு ஆத்தா. மரமும் அதே மரந்தான். ஆனா அதுக்கடியில ஓடை ஓடுது." அவர் குரலில் இருந்தது கோபமா ஆச்சரியமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் வேலை பார்த்த பண்ணையின் கீழ்ச்சரிவில், ஓடைக்கரையில் ஒரு தைல மரம் நிற்கிறது. பண்ணை உரிமையாளரான வயதான அம்மையாரின் தாத்தா காலத்துக்கும் முந்தியதாம். நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதைத்தான் அண்ணன் அடிக்கடி படம் எடுத்து அனுப்புவார். "இது வயசாகி நிக்கிறத இப்பத்தான் பாக்குறேன். நம்ம ஊர்ல இத வயசாக விட்டதே இல்ல" என்றார். உண்மைதான். எங்கள் பக்கம் குச்சியாக நிமிர்ந்ததும் வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். "இதுக்கடியில மட்டும் இங்க யாரும் உக்கார மாட்டாங்க ஆத்தா. காத்தே இல்லாத வெயில்ல பொசுக்குனு பெரிய கொப்பு முறிஞ்சு விழுமாம்." நான் பயந்து, அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றேன். "நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று சிரித்தார்.

அப்பா இறந்தபோது வந்து கொள்ளி வைத்தார். காரியம் முடிந்ததும் எங்கள் வயலுக்குப் போய், அப்பா நட்ட மரங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நிழலில்தான் குடித்தார். என்னோடு வந்த என் மகள் அவர் மடியில் உறங்கினாள். எங்களுக்கு அந்த நிழல் அவ்வளவுதான். ஆடும் படுக்கும், ஆளும் படுக்கும், பயப்பட அதில் ஒன்றும் கிடையாது.

போன பொங்கல் முடிந்த வாரம். அங்கே அது கோடை. உருளைக்கிழங்கு வயலில் தண்ணீர்க் குழாய்களை இடம் மாற்றும் வேலை. விடியும் முன்பே தொடங்கியவர்கள் மதியம் சாப்பிட ஒதுங்கினார்கள். மற்றவர்கள் வண்டியின் நிழலில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அண்ணன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைக்கரை மரத்தடிக்குப் போனார். அங்கே வேண்டாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இந்த மரத்தடியில்தான் சாப்பிடுவோம் என்று சிரித்தபடி கையை ஆட்டினாராம். காற்று கொஞ்சமும் இல்லையாம்.

இதைப் பண்ணைக்கார அம்மையார் போனில் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவரும் அழுதார். அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். எங்கள் ஊரில் சாப்பிடுவோம் என்ற சொல்லை மட்டும் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன்.

பசி மறக்கடித்ததா? வெயிலில் வளர்ந்த கால் தானாக நிழலுக்குப் போனதா? வண்டி நிழலில் இடம் இல்லையென்று நினைத்து அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தாரா? அதுவும் அவர் குணம்தான். இல்லை, அந்த மரத்தோடு அவர் சமாதானம் ஆகிவிட்டாரா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சரியென்று தோன்றுகிறது.

என் மகளை இப்போது எந்த மரத்தடியிலும் நான் விடுவதில்லை. அவள் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தைப் பற்றிக் கேட்கப் போனேன். ஆசிரியை முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் செய்வது தப்பு என்று தெரிகிறது. ஆனாலும் சாயங்காலம் வாசலில் நின்று, வெயிலில் விளையாடு என்றுதான் கத்துகிறேன்.

அண்ணனின் உடல் திருச்சி வந்து சேர்ந்தது முதல் காரியம் முடியும் வரை கூடவே நின்ற பங்காளிகளுக்கும், அவருக்கு மகன் முறையில் கொள்ளி வைத்த சித்தப்பா பேரனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலிருந்து வேனோடு வந்து விமான நிலையத்தில் காத்துக்கிடந்த அண்ணனின் கல்லூரி நண்பர், வாடகையைப் பற்றிப் பேசவே விடவில்லை. அம்மாவோடு மாதக்கணக்கில் படுத்துறங்கிய அத்தைக்கும், கடல் கடந்து அண்ணனை அனுப்பிவைக்கப் பாடுபட்ட அந்த மலையூர் மக்களுக்கும் நன்றி.

அந்த ஊர் மக்கள் எங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். மரத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்களாம். வெட்டிவிட வேண்டுமா, நிற்கட்டுமா என்று குடும்பம்தான் சொல்ல வேண்டுமாம். அங்கே மரம் வெட்டுவது பாதிப் பேருக்குத் தொழில். அண்ணனோடு வேலை பார்த்தவர்களே ஒரே நாளில் வெட்டிவிடுவார்கள். ஆனாலும் எங்கள் வார்த்தைக்காக நிற்கிறார்கள். நினைவு நாளுக்குள் சொல்கிறோம் என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நட்டவர்கள் எங்களைக் கேட்கவில்லை. பிள்ளையைக் கொடுத்த பிறகு ஒரே ஒரு மரத்துக்கு எங்களைக் கேட்கிறார்கள்.

அம்மா யோசிக்கவே இல்லை. "வெட்டச் சொல்லு. வெட்டுனா தழைஞ்சிரும், வேரோட புடுங்கச் சொல்லு. அவுங்ககிட்ட மிஷின் இருக்கும்ல."

"அப்ப நம்ம வயல்ல நிக்கிறதும்மா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது ஒங்கப்பா வச்சது" என்றார்.

என் கணவர் நிற்கட்டும் என்கிறார். அண்ணன் படம் எடுத்து எடுத்து அனுப்பிய மரம். கன்று பிடுங்கி அறை வாங்கியவரும் அவர்தான். வெட்டச் சொன்னால் அவருக்குப் பிடித்ததை வெட்டியவளாவேனோ, நிற்கச் சொன்னால் பெற்ற தாயின் வயிற்றெரிச்சலைப் பெரிதாக நினைக்காதவளாவேனோ தெரியவில்லை. பதில் எழுதத் தொடங்கி, வெட்டுங்கள் என்று ஒரு முறையும் வேண்டாம் என்று ஒரு முறையும் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

அண்ணனை அறிந்த உறவினர்களே, நண்பர்களே, நினைவு நாளன்று இலையில் உட்காரும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் என்ன பதில் எழுத வேண்டும்? அம்மா பக்கத்தில் இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். அன்று நல்ல வெயில் இருக்கும். எங்கள் வயலோரம் வண்டியை நிறுத்துகிறவர்கள் தைல மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். பெரிய பந்தலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லுங்கள்.