அண்ணி வாங்கிய திட்டு

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் ஊரே மூக்கில் விரல் வைக்கும். வைக்கட்டும். என் அண்ணிக்குத் துணி மடிக்கத் தெரியாது, குளியலறை விளக்கை அணைத்ததே கிடையாது. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களைத் திரும்பப் பேச வைப்பது அவர் தொழில். சொந்த நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்கே தலைவியாக இருந்தவர். இங்கே வந்து மறுபடி பரீட்சை எழுதித் தேறி, நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தார். வார்டுக்குள் நுழைந்தால் பாதிப் பேர், துப்புரவு ஆள் என்று நினைத்து அவரிடம் எச்சில் தட்டை நீட்டுவார்கள். அண்ணி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "சரி, பேசிப் பழகலாமா?" என்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வார்டுக்கு ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். மூன்று வாரமாகியும் வாயில் ஒரு சொல் இல்லை. அவர் மகள் பிரிவுத் தலைவரிடம் போய், "அந்தம்மா பேசுற தினுசே நமக்குப் புரியல. அது எங்கப்பாவுக்குப் பேச்சு சொல்லிக் குடுக்குமா? நம்ம ஆளு யாரையாவது போடுங்க" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் ஆளை மாற்றுவதாகத் தலைவர் சொல்லிவிட்டார். அண்ணி அப்போது தற்காலிகம்தான். நோயாளியைப் பிடுங்கிவிட்டால் வேலை நிரந்தரமாவதை மறந்துவிட வேண்டியதுதான்.

"யோசிச்சுப் பேசுற பேச்சுதான் போயிருக்கு," என்றார் அண்ணி. "பழக்கத்துல தானா வர்றது உள்ளேயே கிடக்கும். பஸ் டிரைவருக்கு ரோட்டுல தானா என்ன வரும்?"

"திட்டுதான் வரும்," என்றேன்.

"அதேதான். வா."

வெள்ளிக்கிழமை காலை அண்ணி டிரைவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, நல்ல கையில் ஒரு வட்டத் தட்டைக் கொடுத்தார். அவர் அதை ஸ்டியரிங் மாதிரியே பிடித்தார். நான் வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனேன். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கூட வந்தாள். திருப்பத்தில், முன்னாலேயே போய்க் காத்திருந்த அண்ணி மருந்து வண்டியை உருட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். நான் நாற்காலியைச் சட்டென்று நிறுத்தினேன். டிரைவரின் நல்ல கால் தானாக, இல்லாத பிரேக்கை மிதித்தது.

"கண்ணு தெரியலையாடி, வந்தேறி."

அத்தனை தெளிவாக. நான் கூசிப்போனேன். மகளுக்கு முகம் செத்துவிட்டது. அண்ணியோ மண்டியிட்டு அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார்.

"யாரைச் சொன்னீங்க ஐயா?"

டிரைவர் உதட்டோடு மல்லுக்கட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"உன்... உன்னைத்தான்."

அண்ணி கைதட்டிவிட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா தெரியாம சொல்லிட்டாரு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

"இல்லம்மா. முதல்ல சொன்னது தானா வந்தது. ரெண்டாவது, நான் கேட்டதுக்கு யோசிச்சு சொன்ன பதில். தெரிஞ்சுதான் சொன்னாரு. அதுக்குத்தானே மூணு வாரமா பாடுபட்டோம்?"

மகள் தலையை நிமிர்த்தினாள். பிறகு, "நாளைக்கும் நீங்களே வரணும்," என்றாள்.

அப்புறம் நான் தேடிப் போனபோது, அண்ணி கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"வலிச்சுதா அண்ணி?"

"வலிக்காம இருக்குமா?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா 'உன்னை'ங்கிறப்ப நாக்கு இன்னும் இழுக்குது. நாளைக்கு அதையே அஞ்சாறு தடவை சொல்ல வைக்கணும்."