பச்சை விளக்கு எரிந்த பெட்டி

மஞ்சக்குட்டை எஸ்டேட் கேட்டைத் தாண்டி, ஜீப்புக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தேன். மரம் ஏறும் கயிறு தோளில் கிடந்தது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், போர்வெல் வண்டி என்று சுற்றிவிட்டு இந்த மலைக்கு வந்தவன் நான். வேலை போவது எனக்குப் புதிதில்லை. அன்று கால் கனத்ததற்குக் காரணம் இன்ஜினியர் அக்கா.

வெள்ளக்கடையில் தன் அம்மா வீட்டில் இருந்தபடி, காட்டெருமையைக் கண்டுகொள்ளும் பெட்டிகளை அவர் செய்தார். உள்ளே ஒரு கேமராவும் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கும். பள்ளத்திலிருந்து காட்டுமாடு ஏறினால் பெட்டி ரேடியோவில் சொல்லும், அது கிடைத்ததும் சைரன் ஊதும், காப்பிப்பழம் பறிக்கும் பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பெட்டிகளைச் சில்வர் ஓக் மரங்களில் கட்டுவது என் வேலை.

அந்த வருடம் பழம் பறிக்கும் காலத்தில் அக்கா பெட்டியின் ரேடியோவை மாற்றினார். புது ரேடியோ வேலை செய்ய, சின்னக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் கெர்னலையே மறுபடி உருவாக்க வேண்டுமாம். எனக்கு விளங்கவில்லை. அக்காவே விளக்கினார்.

"இந்தப் பெட்டியெல்லாம் கொழந்தைங்க தம்பி. தனக்கு வேண்டியத ஆக்கிக்கற தெம்பு இல்ல. மேசைல இருக்கற பெரிய கம்ப்யூட்டர்ல ஆக்கி, கார்டுல போட்டு ஊட்டோணும். ஆனா பெரிசு, தான் திங்கறதயே ஆக்கிப்புடும். யாருக்குன்னு மொதல்லயே சொல்லிப்போடோணும்."

அதற்காக ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு வரிகள் அடிப்பார்.

பாதியில் கரண்ட் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட்டினார். கம்ப்யூட்டர் அணைந்ததில் அழிந்துபோன அந்த இரண்டு வரிகளையும் புதிதாக அடிக்க வேண்டும் என்பது அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. திரை கேள்வி மேல் கேள்வி கேட்டது. மறுநாள் பறிப்பு. என்டரைத் தட்டிக்கொண்டே போனார்.

"பொண்ணு பாக்க வந்தவீங்க மாதிரி நொம்பக் கேக்குது பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றே பெட்டியை மரத்தில் கட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. வழக்கமாக அட்டையில் ஒட்டிய மாட்டுப் படத்தை கேமரா முன் தூக்கிப் பிடித்து, சைரன் ஊதுகிறதா என்று பார்ப்போம். அன்று தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரு சாவு. பிணம் எடுக்கும்வரை சைரன் ஊதக்கூடாது என்றார்கள். எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கைப் பார்த்துவிட்டு, போதும் என்று இறங்கிவிட்டோம்.

மறுநாள் காலைப் பனியில் மாடு வந்தது. சைரன் ஊதவில்லை. பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அது முட்டியதில் இடுப்பெலும்பு உடைந்தது.

பெட்டியை இறக்கிச் சோதித்த அக்கா காரணத்தைச் சொன்னார். கெர்னல் கரண்ட் போவதற்கு முன்பே சரியாக உருவாகியிருந்தது. அதனால் விளக்கு எரிந்தது. ரேடியோவை ஓட்டும் பகுதி மட்டும் பின்னால், பெரிய கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி உருவாகியிருந்தது; திரை அத்தனை கேள்வி கேட்டதும் அதனால்தான். பெட்டி மாட்டைப் பார்த்திருக்கிறது. சொல்லத்தான் வாயில்லை.

மரத்தில் ஏறியது யார் என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவரு சரியாத்தானுங்க கட்டுனாரு. தப்பு என்னோடதுங்க" என்றார் அக்கா.

"உங்கள அனுப்பிச்சுட்டு மத்த பெட்டிய யார வெச்சு மேடம் சரி பண்றது? லைன்ல சனம் கொதிச்சுப்போய் நிக்குது. யாராச்சும் ஒருத்தர் போய்த்தான் ஆகோணும்."

அதற்கு மேல் அக்கா பேசவில்லை. என் வேலை போயிற்று. அவர் போயிருந்தால் எல்லாப் பெட்டியும் ஊமைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை ஊர் சுற்றிய பிறகும், இன்று வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்கில் பச்சை விளக்கைப் பார்க்கும்போது அந்த மௌனம் நெஞ்சில் வந்து உட்காருகிறது. அவரிடம் நான் மன்னிக்க ஒன்றுமில்லை. மறக்கவும் முடியவில்லை.

அன்று கேட்டைத் தாண்டி நடந்தபோது மேஸ்திரியம்மா ரோட்டில் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். பறிக்கிற பெண்களை நடத்துகிறவர் அவர்.

"ஏஞ்சாமி, கயித்தத் தூக்கிட்டு எங்க போற? பெட்டியெல்லாம் கழட்டிட்டாங்க. பழுத்த பழம் நமக்காக நிக்குமா? நாளைக்கு எங்களுக்கு முன்னால போயி மாடு வருதான்னு யாரு பாக்கறது?"

"என்னைய நிறுத்திட்டாங்களேங்க."

"மேனேசர் நிறுத்துனா நாங்க நிறுத்துனதா? என்ற ஆளுகளுக்கு முன்னால போறது யாருன்னு நாஞ்சொல்லோணும். சத்தம் போடத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் என்ன கண்ணு, திரும்பு."

மறுநாள் காலை, பனி விலகாத சரிவில், அந்தப் பெண்களுக்கு முன்னால் எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கட்டையால் தட்டிக்கொண்டு நடந்தேன். அக்கா பெட்டிகளைத் திருத்தித் தரும்வரை அதுதான் வேலை. "ஓங்கித் தட்டுங்க, எங்களுக்கே கேக்கல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஓங்கித் தட்டினேன்.